தீர்ந்துவிடும் என்ற பயம்

கலைமதி முழுகாமல் இருக்கிறாள் என்பதை வீட்டில் முதலில் கண்டுபிடித்தது அவள் மாமியார் அஞ்சம்மாள்தான். மல்லாட்டைக் கடலை வறுத்த வாசனைக்கே மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். மறுநாளும் ஓடினாள். அஞ்சம்மாள் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக டிராக்டர் கொட்டகைக்குப் போய், இன்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்த பெரிய மகன் சின்னதுரையின் எதிரில் நின்றாள்.

"ஏன்டா, ஒனக்குத்தான் ஆபரேசன் பண்ணிட்டாங்களே. அப்புறம் எப்பிடிடா ஒம் பொண்டாட்டி வாந்தி எடுத்துக்கினு கெடக்குறா?"

சின்னதுரையின் கை அப்படியே நின்றது.

"பித்தமா இருக்கும்மா."

"மூணு பெத்த எங்கிட்டயே பித்தம்ன்றியா? கடை வேலைக்குப் போறேன், பில்லு போடுறேன்னு தெனம் டவுனுக்குப் போய்க்கினு இருந்தாளே, அப்பவே சொன்னேன். நீ கேட்டியா?"

சொல்லிவிட்டுப் புடவையை உதறிக்கொண்டு போய்விட்டாள். சின்னதுரை வீட்டுக்குள் வந்தான். கலைமதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நாலு எட்டு நடந்தாலே அவளுக்கு இப்போது மூச்சு வாங்கியது.

"மருந்துக்கடையில கார்டு வாங்கிப் பாத்தேன். ரெண்டு கோடு காட்டுது" என்றாள். "ஆபரேசன் பண்ணி, அப்புறம் டெஸ்ட்டும் எடுத்து, எல்லாம் சுத்தமாயிடுச்சுன்னு சொன்னாங்கன்னு நீதானே வந்து சொன்ன. இது எப்பிடிய்யா?"

அந்த ஒரு கேள்விக்கு அவனிடம் பதில் இருந்தது. சொல்லாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்தப் பார்வையைக் கலைமதி வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். அவள் முகம் மெல்ல மாறியது.

"இன்னா அப்பிடிப் பாக்குற? ஒங்கம்மா கொட்டகையில வந்து சொன்னது எனக்கும் கேட்டுச்சு. நீயும் அதைத்தான் கேக்குறியா?"

"நான் ஒண்ணும் கேக்கலையே" என்றான் சின்னதுரை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற ரோட்டை ஒட்டிய ஊர் அது. சின்னதுரைக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம், ஒரு டிராக்டர், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். வம்பு தும்புக்குப் போகாத மனிதன். ஊர் வாயில் அவன் பெயர் அடிபட்டது ஒரே ஒரு விஷயத்தில்தான். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனை மனைவிக்குச் செய்யாமல் தனக்குச் செய்துகொண்டான். அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த ஆணும் செய்யாத காரியம்.

வேறு வழி இருக்கவில்லை. இரண்டாவது பிரசவத்தில் கலைமதி பிழைத்ததே பெரும்பாடு. இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப் போயிருக்கிறது, இன்னொரு பிள்ளையை இந்த உடம்பு தாங்காது என்று விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அவளுக்குக் கத்தி வைப்பதைவிடக் கணவனுக்குச் செய்வது சுலபம், மரத்துப்போக ஊசி போட்டுச் சின்னதாக ஒரு துளை, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். சின்னதுரை மறுக்கவில்லை. பெண்டாட்டி சாவதைவிட அது பெரிதா என்ன?

அஞ்சம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். டீக்கடையில் அவன் சிநேகிதன் துரைக்கண்ணு எல்லோர் முன்னாலும் கேட்டான்: "வண்டி ஓடும்தான் மச்சான், இனிமே லோடு ஏறாதே. சும்மா எம்ட்டி வண்டியை வச்சிக்கினு இன்னா பண்ணுவ?" கடை முழுக்கச் சிரித்தது. சின்னதுரையும் சிரித்தான். அந்தக் கிண்டல் அவனைத் தைக்கவில்லை. அவனுக்குள் அதைவிடப் பழைய முள் ஒன்று இருந்தது.

திண்டிவனத்தில் பள்ளிக்கூடம் படித்த காலத்திலேயே ஏறிய முள் அது. பஸ் ஸ்டாண்டைச் சுற்றிய சுவர்களில் எல்லாம் பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். இளமையில் செய்த தவறா? நரம்புத் தளர்ச்சியா? கைப்பழக்கத்தால் ஆண்மை இழந்தவரா? மாதம் ஒருமுறை இந்த லாட்ஜுக்கு வைத்தியர் வருகிறார். பையன்கள் கூடி நின்று படிப்பார்கள். ஒரு சொட்டு போனால் உடம்பில் இத்தனை சொட்டு ரத்தம் போய்விடும் என்று ஒருவன் கணக்குச் சொல்வான். யாரிடம் கேட்பது? அப்பனிடம் கேட்க முடியுமா, வாத்தியாரிடம் கேட்க முடியுமா? சுவரில் எழுதியிருந்ததைத்தான் சின்னதுரை நம்பினான். அந்த வயதில் அவன் உடம்பு கேட்டதை எல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினான். தவறிப்போன நாட்களில், ஏதோ கொலை செய்தவன்போலக் கண்ணாடியில் தன் கன்னம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தான்.

ஆண்மை என்பது டிராக்டரின் டீசல் டேங்க் மாதிரி, போனது போனதுதான் என்ற எண்ணம் கல்யாணத்துக்குப் பிறகும் அவனை விடவில்லை. ஆசை மனைவிதான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அவளை விட்டு விலகிப் படுக்கும்போது, மனம் நிறைந்திருக்க வேண்டிய நேரத்தில், எவ்வளவு குறைந்ததோ என்ற ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் அவனிடம் தெளிவாகத்தான் சொன்னார். மூன்று மாதம் ஆணுறை போட்டுக்கொள்ள வேண்டும். முடிச்சுக்கு அந்தப் பக்கம் குழாயில் ஏற்கெனவே இருக்கிற உயிரணு வெளியேற வேண்டும், அதனால் மனைவியோடு சேருவதை நிறுத்தக் கூடாது. பிறகு விந்துப் பரிசோதனை. அதில் ஒன்றுமில்லை என்று வந்த பிறகுதான் பயமில்லாமல் இருக்கலாம்.

சின்னதுரை ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டான். மற்றதை விட்டான். வழியை அடைத்துவிட்டார்கள், இனிமேல் புதிதாக ஊறாது, இருப்பதைத்தான் வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும் என்று அவன் மனம் கணக்குப் போட்டது. அந்த மூன்று மாதமும் கலைமதியின் பக்கமே அவன் போகவில்லை. களத்தில் காவல் இருக்கிறது, உழவு இருக்கிறது என்று சொல்லித் தள்ளிப் படுத்தான். சேமிப்பதாக நினைத்துக்கொண்டு, வெளியேற வேண்டியதை எல்லாம் உள்ளேயே பூட்டி வைத்தான்.

பரிசோதனை நாள் வந்தது. விழுப்புரத்தில் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து, அறையைக் காட்டினார்கள். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். வெளியே யாரோ இருமினார்கள். யாரோ செருப்பைத் தேய்த்து நடந்தார்கள். எந்தக் காரியம் ஆளையே அழித்துவிடும் என்று அத்தனை வருடம் நடுங்கினானோ, அதை இப்போது ஆஸ்பத்திரியே செய்யச் சொல்கிறது. அவன் வேர்த்து வழிய நின்றான். உடம்பு கல்லாகிவிட்டது. டப்பாவைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டு குப்பைத்தொட்டியில் வீசினான். வீட்டுக்கு வந்து கலைமதியிடம், "எல்லாம் சுத்தம்னுட்டாங்க" என்றான்.

மூன்று மாதம்தான் ஆகிவிட்டதே, தானாகச் சுத்தமாகியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டான். அதற்குப் பிறகு அவர்களுக்குள் வந்த நெருக்கம் அவனுக்கே ஆச்சரியம். ஒன்றும் குறையவில்லை. பிள்ளை உண்டாகிவிடுமோ என்ற பயம் இல்லாததால் கலைமதியும் முன்னைப்போல் ஒதுங்கவில்லை, சிரித்தாள், அவளாகவே அருகில் வந்தாள். தாம்பத்தியத்தில் அப்படி ஒரு நிம்மதி இருக்கும் என்று இருவருக்குமே அப்போதுதான் தெரிந்தது. அதன் விலைதான் இப்போது கார்டில் இரண்டு கோடாக வந்து நின்றது.

மறுநாள் காலையில் சின்னதுரை யாரிடமும் சொல்லாமல் விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினான். ஆபரேஷன் செய்த டாக்டர் ஆனந்தராஜ், நோயாளிகள் கூட்டம் குறைந்த பிறகு அவனை உட்காரச் சொன்னார். அவனைவிட வயது குறைந்தவர். மேஜையில் பாதி சாப்பிட்ட பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது.

"ஆபரேசன் பெயிலாவுமா சார்?" என்று ஆரம்பித்தான் சின்னதுரை.

"ரொம்ப அபூர்வமா ஆகும். வெட்டின குழாய் தானா ஒட்டிக்கும். ஏன், வீட்ல உண்டாயிருக்காங்களா?"

"ஆமா சார்."

"கடைசி டெஸ்ட்ல என்ன வந்துச்சு?"

சின்னதுரை மின்விசிறியைப் பார்த்தான். சுத்தம் என்று சொல்லிவிடலாம். ஆபரேஷன்தான் தோற்றது என்றாகிவிடும். ஆனால் அந்தப் பொய்யை இவர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார் என்று தோன்றியது.

"டெஸ்ட்டு எடுக்கல சார்."

"ஏன்?"

"முடியல."

டாக்டர் அவசரப்படுத்தவில்லை. பொங்கலை மூடி வைத்தார். சின்னதுரை தலையைக் குனிந்துகொண்டு, விட்டு விட்டு, எல்லாவற்றையும் சொன்னான். மூன்று மாதம் தள்ளிப் படுத்ததையும் சொன்னான்.

"கையால பண்ணா கெட்டுப்போயிடும்னு யாரு சொன்னது உங்களுக்கு?"

"செவுத்துல எழுதியிருந்துச்சு சார்."

"எந்தச் செவுத்துல?"

"எல்லாச் செவுத்துலயும்தான் சார்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஆனால் சிரிக்கவில்லை. "இங்க வர்ற பத்து ஆம்பளையில பாதிப் பேரு அந்தச் செவுத்தைப் படிச்சிட்டு வந்தவங்கதான்" என்றார். "சொல்றேன், கேட்டுக்குங்க. அது ரத்தம் இல்ல. ரத்தத்துலேர்ந்து வடிகட்டி எடுக்கறதும் இல்ல. வாயில எச்சில் ஊறுதே, துப்பினா தீந்துடுதா? அந்த மாதிரிதான், ஊறிக்கினே இருக்கும். கையால பண்ணாலும் சரி, சம்சாரத்தோட சேந்தாலும் சரி, தானா தூக்கத்துல போனாலும் சரி, நரம்பும் தளராது, கன்னமும் ஒட்டாது. ஆபரேசன்ல நாங்க கட்டினது உயிரணு வர்ற பாதையை மட்டும். ஆசை, எழுச்சி, சுகம், இதுக்கெல்லாம் அந்தப் பாதையோட சம்பந்தமே கிடையாது. சொல்லுங்க, ஆபரேசனுக்கு அப்புறம் எதனா குறைஞ்சுதா?"

"இல்ல சார். அதான் எனக்கே புரியல."

"குறையாது. ஆனா ஏற்கெனவே பாதையில இருந்தது வெளிய போவணும். நீங்க போவ விடல. டெஸ்ட்டும் எடுக்கல. குழாய் ஒட்டிக்கிச்சா, இல்ல பழசு மிச்சம் இருந்துச்சான்னு பரிசோதனை பண்ணாத்தான் தெரியும். எதுவா இருந்தாலும் இதுல உங்க சம்சாரத்து மேல சந்தேகப்பட ஒண்ணுமே இல்ல."

சின்னதுரை கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவனுக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது. அவனுடைய பழைய காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்த டாக்டர் சட்டென்று நிமிர்ந்தார்.

"உங்க சம்சாரத்துக்கு வால்வு சுருக்கம்னு சொல்லித்தானே உங்களுக்கு ஆபரேசன் பண்ணோம்?"

"ஆமா சார்."

"அவங்க எங்க?"

"வீட்ல."

"மூச்சு வாங்குதா?"

"வாங்குது சார்."

"அப்புறம் அவங்கள விட்டுட்டு நீங்க மட்டும் எதுக்குய்யா இங்க வந்து உக்காந்திருக்கீங்க?" டாக்டரின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "இது நாள் தள்ளிப் போடற விஷயமா? இன்னைக்கே கூட்டிக்கினு வாங்க. இருதய டாக்டரும் மகப்பேறு டாக்டரும் சேந்து பாக்கணும். கருவைக் கலைக்கிறதுன்னா சீக்கிரம் கலைச்சாத்தான் அவங்களுக்கு ஆபத்து குறைவு. போங்க."

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்த சின்னதுரைக்கு விக்கிரவாண்டி வந்ததும் தெரியவில்லை, தாண்டியதும் தெரியவில்லை. டாக்டர் கேட்ட கேள்வி மட்டும் கூடவே வந்தது. அவளை விட்டுவிட்டு எதற்காக வந்தான்? அவளைக் காப்பாற்ற வந்தானா? இல்லை. தன் பொய் வெளியே வராமல் தப்பிக்க ஏதாவது சந்து இருக்கிறதா என்று பார்க்கத்தான் வந்தான். அம்மா கொட்டகையில் அந்த வார்த்தையைச் சொன்னபோது அவன் ஏன் அறைந்ததுபோல ஒரு பதில் சொல்லவில்லை?

வீட்டு வாசலில் பிடுங்கி வந்த மல்லாட்டைச் செடி குவிந்து கிடந்தது. அஞ்சம்மாளும், தம்பி வல்லரசும், தம்பி மனைவி புனிதாவும் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். டிராக்டர் கேட்டு வந்த துரைக்கண்ணு வேப்பமரத்தடியில் நின்றிருந்தான். கலைமதி துணிப்பையோடு படியில் உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"வானூருக்கு எங்க அக்கா வூட்டுக்குப் போறேன். புள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்ததும் சொல்லிட்டுப் போவலாம்னு உக்காந்திருக்கேன்."

"எழுந்திரு கலை. விழுப்புரம் போவணும். டாக்டரு ஒடனே வரச் சொன்னாரு."

அஞ்சம்மாள் கையிலிருந்த செடியைப் போடாமலே பேசினாள். "கமுக்கமா கலைச்சிட்டுக் கூட்டியாந்துடலாம்னு பாக்குறியா? கேக்க ஆளு இல்லன்னு நெனப்பா?"

"அம்மா, கொஞ்சம் சும்மா இருக்கியா" என்றான் வல்லரசு. அண்ணன் முகத்தை அவன் பார்க்கவில்லை.

கலைமதி எழுந்திருக்கவில்லை.

"வர்றேன்" என்றாள். "சாவணும்னு எனக்கு ஆசை இல்ல. ரெண்டு புள்ள இருக்குது. ஆனா நேத்துலேர்ந்து இவங்க என்னை ஒரு மாதிரி பாக்குறாங்க, நீ வாயைத் தெறக்கல. நான் இந்தப் படியை விட்டு எறங்கறதுக்கு முன்ன இது யாரோடதுன்னு நீ சொல்லணும். என்கிட்ட இல்ல. இவங்ககிட்ட."

"போற வழியில பேசிக்கலாம் கலை. ஒனக்கு மூச்சு..."

"என் மூச்சை நான் பாத்துக்கறேன். நீ சொல்லு."

துரைக்கண்ணு மெதுவாக நழுவப் பார்த்தான். "மச்சான், நான் அப்புறமா வர்றேன்."

"இரு" என்றான் சின்னதுரை. "நீயும் கேளு."

அவன் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவன். ஆய்ந்து குவித்த மல்லாட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"புள்ள என்னோடதுதான். ஆபரேசனுக்கு அப்புறம் ஒரு டெஸ்ட்டு எடுக்கணும். விந்து எடுத்துக் குடுக்கணும். நான் குடுக்கல. உள்ள போய் நின்னேன், என்னால முடியல. பயம். கையால எடுத்தா ஆம்பளத்தனம் போயிடும்னு சின்ன வயசுலேர்ந்து பயம். வந்து இவகிட்ட டெஸ்ட்டு சுத்தம்னு பொய் சொன்னேன். அதுக்கு முன்ன மூணு மாசம் இவகூட சேரச் சொல்லியிருந்தாரு டாக்டரு. தீந்துடும்னு நெனச்சிக்கினு நான் தள்ளிப் படுத்தேன். அதனால வந்தது இது. இவமேல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் நான் பண்ணது."

புனிதா தலையைக் குனிந்துகொண்டாள். வல்லரசு கையிலிருந்த காயை உடைத்தான், தின்னவில்லை.

"தூ" என்றாள் அஞ்சம்மாள். "பொம்பளைங்க நடுவுல பேசற பேச்சாடா இது? மானத்தை வாங்காதடா."

"நேத்து நீ பேசினியே, அது மட்டும் பேசற பேச்சாம்மா? மானம் போறதுன்னா என்னோடது போவட்டும். அவளோடது எதுக்குப் போவணும்?"

துரைக்கண்ணு தொண்டையைச் செருமினான். டீக்கடையில் எம்ட்டி வண்டி என்று சிரித்த ஆள்தான். இப்போது அவன் முகத்தில் சிரிப்பில்லை. "மச்சான், அந்த டாக்டரு... நான் போனாலும் பாப்பாரா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டான். கேட்டதும் தானே வெட்கப்பட்டுக்கொண்டு, "செரி, அதை அப்புறம் பேசுவோம்" என்றான்.

கலைமதி படியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சின்னதுரை பைக் சாவியை எடுத்தான்.

"பைக்குல இட்டுக்கினு போனா வழியிலயே விழுந்துடுவா" என்றாள் அஞ்சம்மாள். மகனையும் பார்க்கவில்லை, மருமகளையும் பார்க்கவில்லை. "வல்லரசு, போய் ஜல்தியா காரைக் கூப்பிடு."

விழுப்புரத்தில் சேர்த்த அன்று முழுக்க அவளுக்கு ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். மறுநாள் மூச்சு ஒரு நிலைக்கு வந்த பிறகு, இருதய டாக்டர் பக்கத்தில் நிற்க, கருவைக் கலைத்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே சின்னதுரை நின்றான். உட்காரச் சொன்னவர்களிடம் தலையை மட்டும் ஆட்டினான். உயிர் பிழைத்துக்கொண்டாள், வால்வுக்கு விரைவில் சிகிச்சை பார்க்க வேண்டும் என்று சொன்ன பிறகுதான் அவன் பெஞ்சில் உட்கார்ந்தான்.

மாலை பார்வையாளர் நேரத்தில் அவனை உள்ளே விட்டார்கள். கலைமதி கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல." கொஞ்சம் பொறுத்து அவளே கேட்டாள். "அந்த மூணு மாசம் நீ பக்கத்துலயே வரலையே, நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? நோயாளிப் பொம்பளைன்னு நீ ஒதுக்கிட்டியோன்னு நெனச்சேன். இவளுக்காகப் போய் ஒடம்பைக் கெடுத்துக்கினமேன்னு ஒனக்கு வெறுப்பு வந்துடுச்சுன்னு நெனச்சேன்."

"அய்யோ, இல்ல கலை."

"இல்லன்னு இப்பத் தெரியுது. அப்ப எனக்கு யாரு சொல்றது? எங்கிட்டக் கேட்டிருக்கலாம் இல்ல, இந்த மாதிரி பயமா இருக்குதுன்னு?"

"கேக்கத் தெரியல. எப்பவும் யார்கிட்டயும் கேட்டதில்ல."

பக்கத்துக் கட்டிலில் யாரோ தண்ணீர் கேட்டார்கள். பிறகு கலைமதி அவன் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டாள்.

"நேத்து... இல்ல, முந்தாநாளு. கார்டைச் சொன்னப்ப. நீ என்னைச் சந்தேகப்பட்டியா?"

பொய் சொல்வது அப்போதும் சுலபமாகத்தான் இருந்தது. சின்னதுரை சொல்லவில்லை.

"சந்தேகம் இல்ல. எனக்கு உண்மை தெரியுமே. ஆனா எங்கம்மா சொன்னது எனக்கு வசதியா இருந்துச்சு. அதுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கலாம்னு ஒரு நாளு நெனச்சிட்டேன்."

கலைமதி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அழவில்லை. அவன் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சந்தேகப்பட்டிருந்தாக்கூட இவ்வளவு வலிச்சிருக்காது" என்றாள் சுவரைப் பார்த்தபடியே. "இதை எப்ப மறப்பேன்னு எனக்குத் தெரியல."

"மறக்கணும்னு நான் கேக்கல."

நர்ஸ் வந்து நேரம் முடிந்தது என்றாள். சின்னதுரை கிளம்பத் திரும்பினான்.

"இந்தாய்யா" என்று கூப்பிட்டாள் கலைமதி. "நாளைக்கு வரும்போது புள்ளைங்கள இட்டாந்துடு. ஒங்கம்மாவையும் வரச் சொல்லு."

"அம்மா எதுக்கு? நான்தான் எல்லாத்தையும் சொல்லிட்டேனே."

"நீ சொல்ல வேண்டியதை நீ சொன்ன. என்னை அப்பிடிப் பேசினதுக்கு அவங்ககிட்ட நான் கேக்க வேண்டியது ஒண்ணு இருக்குது. அதை நான்தான் கேக்கணும்."

அவன் தலையாட்டினான். நர்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.